மாப்பிள்ளை அறைக் கதவு

மாமனார் வீட்டில் மட்டும் வேர்க்கிற உடம்பு என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி வைத்தியப் புத்தகங்களில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தெரியாது. நான் அப்படிப்பட்ட ஒரு உடம்புக்குத்தான் வாக்கப்பட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனம், எனக்கு விழுப்புரம். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் இறங்க வேண்டிய தூரம். இரண்டு ஊரிலும் ஒரே வெயில், ஒரே மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, ஒரே புழுக்கம். திண்டிவனத்து வீட்டில் அவர் படுக்கிற அறைக்கு ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கும். தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனின் றெக்கைகளை நின்று நிதானமாக எண்ணலாம். அந்த அறையில் அவர் விடிய விடியக் குறட்டை விட்டுத் தூங்குவார். அதே மனிதர் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் ‘உஸ்’ என்பார். கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைக் காலருக்குப் பின்னால் செருகிக்கொள்வார். அந்தக் கைக்குட்டையைப் பார்த்துவிட்டால் போதும், என் அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு விசிறியைத் தேடி ஓடுவாள்.

நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. ஏசி என்பது அப்போது எங்கள் பக்கம் சினிமாக் கொட்டகை போர்டில் எழுதியிருக்கிற ஒரு சொல். உள்ளே போய் உட்கார்ந்தால் அது இருக்காது.

வேர்க்கிற உடம்பைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது ஒரு ட்ரெயினிங். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவருடைய ஆபீசில் அவரை மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி நடந்த கூடத்தில் ஏசி இருந்ததாம். அங்கே ஆபீஸ் வேலையில் என்ன கற்றுக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தார். ஹ்யூமிடிட்டி. சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஹ்யூமிடிட்டி, ஷேவிங் செய்த இடம் எரிந்தால் ஹ்யூமிடிட்டி, மாமியார் வைத்த ரசம் ருசிக்கவில்லை என்றாலும் ஹ்யூமிடிட்டி.

“இங்க சூடு ஒண்ணும் இல்ல மாமா. ஹ்யூமிடிட்டிதான் பேஜாரு. மெட்ராஸ்ல அந்த ஹால்ல அது சுத்தமா கெடையாது. சட்டைய கழட்டி மாட்டினா மொடமொடன்னு அப்படியே நிக்கும்” என்று என் அப்பாவிடம் சொன்னார்.

அப்பா பக்கத்துக் கிராமமான காணையில் நெல்லும் கரும்பும் பயிர் வைத்திருந்தவர். காலையில் சைக்கிளில் கிளம்பினால் வெயில் ஏறித்தான் திரும்புவார். அந்தச் சொல் அவர் வாயில் நுழையவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு ஆகாத ஏதோ ஒன்று தன் வீட்டுக்குள் இருக்கிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. “அது எங்க மாப்ள இருக்குது, பரண் மேலயா?” என்று கேட்டார். கேலிக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பாவின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இது இப்படியே சிரிப்போடு போயிருக்கும். நான் பிள்ளை பெறப் போனதால் விஷயம் பெரிதாகிவிட்டது.

தலைப் பிரசவத்துக்கு வழக்கம்போல அம்மா வீட்டுக்கு வந்தேன். பங்குனிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம் இல்லை, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். கொஞ்ச காலத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குனிந்து ஆட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். திண்டிவனத்து வீட்டில் தண்ணீர் தெருக்குழாயிலிருந்து என் இடுப்பில்தான் வரும். இட்லி மாவு ஆட்டுக்கல்லிலிருந்து என் கையால்தான் வரும். சாப்பிடுகிற வாய்கள் அங்கே அதிகம்.

குழந்தையையும் தாயையும் மூன்றாம் மாதம் அழைத்துப் போகலாம், இல்லாவிட்டால் ஐந்தாம் மாதம் அழைத்துப் போகலாம். எங்களுக்கு மூன்றாம் மாதம் ஆனி. நான்காம் மாதம் இரட்டைப்படை, போதாததற்கு ஆடி. அதற்குப் பேச்சே கிடையாது. ஐந்தாம் மாதம் ஆவணி. ஆனியில் போனால் பச்சைப் புண்ணோடு குடம் தூக்க வேண்டும். ஆவணி என்றால் தையல் போட்ட இடம் ஆறியிருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு மாதம்தான். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை.

மாமியார் ஆனிதான் என்றார். “நாங்கள்ளாம் புள்ள பெத்த கையோட நாத்து நட்டவங்க. இப்ப உள்ளதுங்க கட்டில உட்டே எறங்கமாட்டேங்குதுங்க” என்று பஸ்ஸில் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவருக்கு வேர்த்தது. “வாரா வாரம் இங்க வந்து என்னால வெந்துகினு கெடக்க முடியாது. கொழந்தைய பாக்காமயும் இருக்க முடியாது. நீ ஆனியிலயே வந்துடு” என்றார். என் வயிற்றுத் தையலின் தலையெழுத்து அவருடைய கைக்குட்டையில் வந்து நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கைக்குட்டையைக் கிழித்துக் குழந்தைக்குத் துணியாகக் கட்டியிருப்பேன்.

மாப்பிள்ளைக்கு வேர்க்காமல் பார்த்துக்கொண்டால் பெண் ஆவணி வரைக்கும் இருப்பாள். அப்பாவுக்குக் கணக்கு அவ்வளவுதான். ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய் ஏசி விசாரித்துவிட்டு வந்தார். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். “நம்ம தெரு கரண்ட்டு அதுக்குத் தாங்காதாம்” என்று மட்டும் சொன்னார். தாங்காதது கரண்ட்டு மட்டும் இல்லை என்று எங்களுக்கும் தெரியும்.

திண்டிவனம் சுற்றித் திரும்பி வருகிற வழியில் கிளியனூரில் ஒரு பட்டறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வடநாட்டில் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் அங்கே கூலர் செய்து விற்றார். ஆளுயரத் தகரப் பெட்டி. அதன் மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே ஒரு பெரிய ஃபேன். தொட்டித் தண்ணீரை ஒரு மோட்டார் மேலே ஏற்றித் தட்டியில் ஊற்றும். ஈரத் தட்டி வழியாக வருகிற காற்று ஜில்லென்று இருக்கும். வடக்கே வறண்ட வெயிலில் அது நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். ஏற்கெனவே காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கிற ஊரில் அது என்ன செய்யும் என்று பட்டறைக்காரரும் யோசிக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஹ்யூமிடிட்டி என்று அப்பா எப்படியோ புரியவைத்திருக்கிறார். “இத ஓட்டினீங்கன்னா அதெல்லாம் ஜல்தியா ஓடிப்பூடுங்க” என்று பட்டறைக்காரர் தைரியம் சொல்லியிருக்கிறார்.

கூலர் பஸ் மேல் ஏறித் திண்டிவனம் வந்தது. அங்கே இறக்கி, விழுப்புரம் பஸ் மேல் ஏற்றினார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் ஊர் மொத்தமும் வந்து விசாரிக்கும். விசாரித்த ஒவ்வொருவரிடமும் அப்பா, “எங்க மாப்ளைக்கு” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பெட்டி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் செய்தி என் மாமியார் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் போய்விட்டது.

எங்கள் வீட்டில் தெருப்பக்கம் இருந்த அறை அன்றிலிருந்து மாப்பிள்ளை அறை ஆனது. அதற்கு இரண்டு ஜன்னல். ஒன்றில் கூலரை வைத்தார்கள். இன்னொரு ஜன்னலை அப்பா சாத்தி, சந்து பொந்திலெல்லாம் பழைய பேப்பரைக் கேப்பைக் கூழ் தடவி ஒட்டினார். கூரைக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரங்களில் கந்தலைத் திணித்தார். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் கோணிச் சாக்கைச் சுருட்டிப் போட்டார். குளிர்ச்சி ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாதாம். உள்ளே கூலர் ஊதுகிற ஈரமும் வெளியே போக வழியில்லை என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஏசி என்றால் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை மெட்ராசில் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தாரே.

முதல் சனிக்கிழமை அவர் வந்தார். அறைக்குள் போனார். வெட்டிவேர் வாசனை வீடெல்லாம் வீசியது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, “மெட்ராஸ் தோத்துது மாமா” என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆவணிக்குச் சம்மதித்தார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள். நான் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். எனக்கு அந்தத் தகரப் பெட்டிக்குக் குங்குமம் வைக்க வேண்டும் போல இருந்தது. வைக்கத் தேவையில்லை, அம்மா ஏற்கெனவே வைத்திருந்தாள்.

நானும் குழந்தையும் அந்த அறையில் படுக்கவில்லை. பச்சை உடம்புக்கும் பச்சைக் குழந்தைக்கும் குளிர்காற்று ஆகாது என்று எங்களைப் பின்கட்டு அறையில் போட்டார்கள். அந்த அறையின் ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். கிணற்றடியிலிருந்து காற்று வரும். வீட்டிலேயே நன்றாகத் தூங்கியவர்கள் நாங்கள்தான்.

பத்து நாளில் அறையின் சுயரூபம் தெரிந்தது. மாப்பிள்ளை கொறிப்பதற்கு என்று டப்பாவில் வைத்த வறுத்த மல்லாட்டை நமுத்துப்போனது. அப்பளம் ஈரத் துணியாகத் தொங்கியது. தீப்பெட்டியில் குச்சி உரசினால் தலை மட்டும் கழன்று விழுந்தது. தலையணையை அழுத்தினால் கையில் ஈரம் ஒட்டியது. வெட்டிவேர் வாசனை போய் ஏரி வற்றும்போது வருகிற நாற்றம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவில் கண்ணாடிக்கு உள்ளே பூசணம் பூத்தது. சரியாக அவர் முகத்தில் மட்டும் பூத்து, மாப்பிள்ளைக்கு வெள்ளைத் தாடி வந்துவிட்டது. நான் பக்கத்தில் பளிச்சென்று நின்றேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் கல்யாணம் எனக்கு மட்டும் நடந்தது போல ஆகியிருக்கும்.

ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே. அப்பா வெள்ளிக்கிழமையே கூலரை ஓடவிட்டு, அறையை மாப்பிள்ளைக்காக ஊறப்போட்டு வைப்பார். தெருவே வந்து பார்த்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி குனிந்து உள்ளே போய், பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வையோடு, “ஊட்டி மாதிரி கீதுங்க” என்றார்கள். ஒரு அம்மாள் பால் செம்பைக் கொண்டுவந்து, ராத்திரிக்கு இங்கே வைத்தால் கெடாமல் இருக்குமா என்று கேட்டார். அம்மாவும் தாராளமாக வைக்கச் சொன்னாள். பால் விடிவதற்குள் திரிந்துவிட்டது. அந்த அம்மாள் மாடு மேல் பழியைப் போட்டார்.

என் வீட்டுக்காரர் பாடுதான் பெரும்பாடு. மொடமொடப்பான கஞ்சி போட்ட சட்டையோடு உள்ளே போகிற மனிதர் விடிந்தால் பிழிந்த துணி மாதிரி வருவார். “எப்படி மாப்ள, தூக்கம்?” என்று அப்பா கேட்டால், “ஃபர்ஸ்ட் கிளாஸ் மாமா” என்பார். அந்தச் சட்டையை அவர் எங்கள் யார் முன்னாலும் கழற்றுவதே இல்லை. கிணற்றடியில் குளிக்கும்போது தட்டியைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் சோப்பு கொடுக்கப் போன நான் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டேன். முதுகு பூராவும் வேர்க்குரு. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கேப்பையைக் கொட்டிப் பரப்பிய மாதிரி சிவந்திருந்தது. திண்டிவனத்தில் அந்த ஓட்டை ஃபேனுக்குக் கீழே ஒரு பொட்டு வேர்க்குரு அவருக்கு வந்ததில்லை.

“என்னங்க இது” என்றேன்.

“சத்தம் போடாத. மாமா காதுல உழுந்தா மனசு நோவும்” என்றார்.

மாமா மனசு மேல் அவருக்கு இருந்த அக்கறையில் கால்வாசி என் தையல் மேல் இருந்திருந்தால் இந்தப் பெட்டியே வந்திருக்காது. அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். அறை குளிரவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டால் ஹ்யூமிடிட்டி மாப்பிள்ளை என்ற பெயர் போய்விடும். அதனால் வாரா வாரம் வந்து, தன் வாயால் கேட்டு வாங்கிய அறையில் படுத்துச் சொறிந்துகொண்டார்.

ஆனி பிறந்தது. திண்டிவனத்திலிருந்து சேதி வந்தது. கூலர் என்னவோ குளுகுளுவென்று ஓடுகிறது என்று ஊரே பேசுகிறதாம். மாமியார் நேரிலேயே கிளம்பி வந்து நின்றார். “பச்ச ஒடம்புக்காரி இருக்கற ஊட்ல குளுரு மெஷின வெச்சிக்கினு கீறீங்களே சம்பந்தி, ஜன்னி கண்டா யாரு பொறுப்பு? கொழந்தைக்கி மூக்கு ஒழுகுது பாருங்க. ஆவணி பேச்செல்லாம் வாணாம். ஆனி முடியறதுக்குள்ள நான் இட்டுக்கினு போறேன்” என்றார். குழந்தைக்கு லேசாகச் சளி இருந்தது உண்மைதான். அதன் துணிகளைக் காற்றில் காயட்டும் என்று அம்மா ஒரு நாள் கூலருக்கு எதிரில் கொடி கட்டிப் போட்டிருந்தாள். மூன்று நாளானாலும் அந்தத் துணிகள் காயவில்லை.

என்னை நிறுத்திவைக்க வாங்கிய பெட்டியே என்னைக் கிளப்புவதற்குக் காரணமாகிவிட்டது. அந்த அறையில் குளிரே இல்லை, வெறும் ஈரம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். “உங்கம்மாகிட்ட சட்டைய கழட்டி முதுக காட்டுங்க” என்று அவரிடம் சொன்னேன். கெஞ்சித்தான் சொன்னேன், எனக்கு அது பழக்கமில்லை. அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி என் அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு வலித்தது, பயமாகவும் இருந்தது. அப்பா கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

பிரம்மதேசத்து ஜோசியர் ஒருவரிடம் மாமியார் நாள் பார்த்து வந்தார். ஆனியின் கடைசித் திங்கட்கிழமை. அன்று ராகு காலம் ஒன்பது மணிக்கு முடியும், எமகண்டம் பத்தரைக்குப் பிறக்கும். இரண்டுக்கும் நடுவில் குழந்தை படி இறங்க வேண்டும். மத்தியானம் அஷ்டமி வந்துவிடும். மறுநாள் செவ்வாய்க்கிழமை, பெண்ணை அனுப்பக் கூடாது. அதற்கு அடுத்த நாள் ஆடி. கடைசி ஆளுக்குக் கடைசி பஸ் மாதிரி அந்த ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம்.

இந்த இடத்தில் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை அறைக் கதவு பலகைக் கதவு. வைகாசியிலிருந்தே ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பிப்போயிருந்தது. சாத்தினால் நிலையில் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பவர் இழுத்தாலும் வராது, வெளியே இருப்பவர் தள்ளினாலும் அசையாது. தச்சரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் இழைத்துவிடலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். “எழைச்சா சந்து உழும். குளுரு போய்டும்” என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அவரே ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தார். வளையத்தைப் பிடித்துக் கதவை மேலே தூக்கி, வலது கால் குதிகாலால் கீழ் மூலையில் ஒரே உதை. கதவு படக்கென்று திறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளைக்குக் காபி கொண்டு போகும் நேரத்தில் அம்மா குரல் கொடுப்பாள். அப்பா வந்து தூக்கி, உதைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விடுவார். வீட்டில் வேறு யாருக்கும் அந்த உதை கைவரவில்லை. கால்வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. மூட்டை முடிச்சு ஏறிவிட்டது. மாமியார் என்னையும் குழந்தையையும் மாப்பிள்ளை அறைக்குள் அழைத்துப்போனார். எனக்குப் புதுப் புடவை, குழந்தைக்குக் கன்னத்தில் மை. வாசலில் எதிர்க்காற்று வருகிறது, குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிக் கதவை அவரே ஓங்கிச் சாத்தினார். அவருக்கு நல்ல பலம், நாற்று நட்ட கை.

புடவை கட்டி முடித்து, மை வைத்து, மணி ஒன்பதரை. மாமியார் கதவை இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்தார். உள்பக்க வளையம் ஆணியோடு கழன்று அவர் கைக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன்.

“டேய், கதவு மாட்டிக்கினு கீதுடா” என்று கத்தினார்.

வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்து முட்டினார். முதல் முட்டிலேயே ‘ஐயோ அம்மா’ என்று ஒரு அலறல். கதவில் மோதிய வலி இல்லை அது. வேர்க்குரு மேல் சட்டை தேய்ந்த எரிச்சல் என்று எனக்குத் தெரியும்.

“பாத்து மாப்ள, தோளு போய்டப் போவுது. நவுருங்க, நான் பாக்கறேன்” என்று அப்பாவின் குரல் கேட்டது.

முடிந்தது, ஒரே உதை என்று நினைத்தேன். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். தையல் போட்ட இடம் சுரீர் என்றது.

உதை விழவில்லை. கதவில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. மெதுவாக, கடன் கேட்க வந்தவன் தட்டுகிற மாதிரி. “அசைய மாட்டேங்குதே மாப்ள. நீங்க தச்சர பாத்து இட்டாங்க. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட ஊடு” என்றார் அப்பா. தச்சர் அந்த வாரம் முழுக்க வெளியூரில் கல்யாண வீட்டு வேலை செய்கிறார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

ஜன்னலில் கம்பி, இன்னொரு ஜன்னலில் கூலர். மாமியார் கேப்பைக் கூழ் பேப்பரையெல்லாம் பிய்த்துப் பார்த்தார், கம்பி கம்பியாகத்தான் இருந்தது. கரண்ட்டும் அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது. அறை கொதிக்கத் தொடங்கியது. மாமியாரின் கழுத்து, முகம், முழங்கை எல்லாம் வேர்த்து ஊற்றியது. முந்தானையால் விசிறிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். நமுத்த தலையணையை அழுத்தினார். போட்டோவில் தன் மகனுக்கு முளைத்திருந்த தாடியைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“எம்மா, இதுலயா எம்புள்ள வாரா வாரம் படுத்துக்கினு கெடந்தான்?” என்றார்.

“ஆமாங்க அத்த. முதுக பாத்தீங்கன்னா தெரியும்” என்றேன்.

நான் கதவடியில் சுருட்டிப் போட்டிருந்த கோணிச் சாக்கை இழுத்துவிட்டேன், குழந்தைக்குக் கொஞ்சம் காற்று வரட்டும் என்று. குனிந்து பார்த்தபோது அப்பாவின் கால்கள் தெரிந்தன. வரப்பில் நடந்து வெடித்த பாதங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நிற்கவைத்த பிள்ளையின் கால்கள் மாதிரி அசையாமல் நின்றன. மேலே கை மட்டும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கால்கள் வந்தன. ஏன் உதைக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காபி போடப் போய்விட்டாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மாமியார் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, தலையைத் தடவி, “ஒண்ணும் ஆவாது, தொறந்துடுவாங்க” என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

கார் திரும்பி வந்த சத்தம் கேட்டது. தச்சர் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

“மணி இன்னா ஆச்சி மாப்ள?” என்றார் அப்பா.

“பத்தே முக்காலு.”

“எமகண்டம் பொறந்துடுச்சா?”

“பொறந்துடுச்சி மாமா.”

“அப்பிடிங்களா. கொஞ்சம் நவுருங்க” என்றார்.

வலது கால் தரையைவிட்டு எழும்பியதைப் பார்த்தேன். ஒரே உதை. கதவு திறந்துகொண்டது. அப்பா வாசலில் நின்றார். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. மாமியார் கையில் வளையத்தோடு வெளியே வந்து கதவைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார், பிறகு தன் மகனிடம் போய், “சட்டைய கழட்டுடா” என்றார். அதோடு ஆனி பேச்சு முடிந்தது. “ஆடி போவட்டும் சம்பந்தி, ஆவணியில வந்து இட்டுக்கினு போறேன். அந்தத் தகரப் பெட்டிய மொதல்ல கடாசுங்க” என்று சொல்லிவிட்டு, என் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, வேர்க்குரு மகனோடு காரில் ஏறினார். கூலரை அப்பா காணைக்கு ஏற்றிப்போய் அதில் கோழி அடைத்தார்.

ஆவணி வரைக்கும் நான் அம்மா கையால் சாப்பிட்டேன், தூங்கினேன். தையல் ஆறியது. அப்பாவிடம் அந்த உதையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு இருப்பார். கேட்காமலே விட்டுவிட்டேன்.

ஆவணியில் நாள் குறித்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் இழைப்புளிச் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா தச்சரைக் கூட்டிவந்திருந்தார். மாப்பிள்ளை அறைக் கதவைக் கழற்றித் திண்டில் சாய்த்து, நான்கு ஓரமும் இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு மாட்டினார்கள். அப்பா அதைச் சாத்தியும் திறந்தும் பார்த்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும், சத்தமே இல்லாமல் திறந்தது. எனக்கு அந்தத் தச்சர் மேல் அப்படியொரு கோபம் வந்தது.

மறுநாள் நல்ல நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அறையிலிருந்துதான் வெளியே வந்தேன். அப்பா கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.